ஹைபிரிட் காரில் சார்ஜ் நிற்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது எந்த பேட்டரியை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வீடு பல்லடம் பக்கம். 2014 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், செகண்ட் ஹேண்டாக வாங்கி மூன்று வருடம், ஓடியது 1,40,000 கிலோமீட்டர் சொச்சம். மீட்டரில் பேட்டரிக் கட்டம் சட்டென்று ஏறுகிறது, சட்டென்று இறங்குகிறது. திம்பம் மலை ஏறினால் ஐந்தாறு வளைவுக்குள் அடிக்கட்டத்துக்கு வந்துவிடுகிறது. பின்சீட்டுப் பக்கம் ஃபேன் இரைச்சல். நாலு நாள் எடுக்காமல் விட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. ஒரு பட்டறையில் பேட்டரி முழுவதையும் மாற்றச் சொன்னார்கள், இன்னொருவர் ‘ரெண்டு செல்லு மாத்துனா போதுங்க’ என்றார். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் போவதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றுக்குப் பதில் தெரிய வேண்டும். உங்கள் வண்டியில் பேட்டரி இரண்டு. நீங்கள் எழுதியதில் இரண்டின் நோயும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது என்பது என் எண்ணம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு கோவையில் பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங்கில் தொடங்கினேன். அப்புறம் கார், லாரிகளுக்கு செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் வேலை. கடந்த பத்து வருடமாக ஹைபிரிட் வண்டிகளும் பார்க்கிறேன். உங்கள் வண்டியைத் தொட்டுப் பார்க்காமல்தான் இதை எழுதுகிறேன். அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

நிச்சயமானதிலிருந்து தொடங்குகிறேன். பின்சீட்டுக்குப் பின்னால் இருப்பது பெரிய பேட்டரி, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. 1.2 வோல்ட் செல் ஆறு சேர்ந்தால் ஒரு மாட்யூல், அதாவது 7.2 வோல்ட். அப்படி 34 மாட்யூல், 204 செல், மொத்தம் 244.8 வோல்ட். 6.5 ஆம்பியர்-அவர் என்பதால் கொள்ளளவு ஏறக்குறைய 1.6 யூனிட், நம் வீட்டு ஈ.பி. கணக்கில் சொல்கிற அதே யூனிட்தான். டிக்கியில் இன்னொரு மூலையில் இருப்பது சாதாரண 12 வோல்ட் சின்ன பேட்டரி. இந்த வண்டியில் தனியாக செல்ஃப் மோட்டார் கிடையாது. பெட்ரோல் எஞ்சினைச் சுற்றி விடுவது பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார்தான். ஆனால் அந்தப் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதற்கும், கம்ப்யூட்டர்களை எழுப்புவதற்கும் 12 வோல்ட் வேண்டும். சின்னது செத்தால் பெரியதில் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனமில்லை. தோட்டத்துக் கிணறு நிறையத் தண்ணீர் கிடந்தும் ஸ்டார்ட்டர் பெட்டியின் சின்ன ஃபியூஸ் போனால் மோட்டார் ஓடாது, அதே கதை.

வண்டியை அணைத்ததும் அந்த ரிலேக்கள் திறந்துகொள்ளும், பெரிய பேட்டரி தனியாகிவிடும். அதிலிருந்து எதுவும் எடுக்க முடியாது. நிக்கல் பேட்டரி தானாகக் கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் நல்ல நிலையில் இருந்தால் நாலு நாளில் வண்டி கிளம்பாத அளவுக்கு இறங்காது. சின்ன பேட்டரியிலிருந்துதான் சாவியைத் தேடும் ரிசீவர், அலாரம், கடிகாரம் எல்லாம் இரவும் பகலும் குடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் ‘நாலு நாள் நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது 12 வோல்ட்தான். பத்துக்கு ஒன்பது வண்டியில் இது அப்படித்தான் முடியும். பட்டறையில் இதைத் தனியாக அளந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அளந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அளப்பது சுலபம். நானூறு ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். பொழுதோட வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் நேரமே கதவைத் திறப்பதற்கு முன் அளக்க முடிந்தால் நல்லது. டிக்கியை அதற்காகத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால், திறந்து பத்து நிமிடம் விட்டு அளங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி, அப்படி இரண்டு மூன்று முறை காலியானது பிழைப்பது அரிது. அடுத்து பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தி ரெடி விளக்கு வந்ததும் அதே இடத்தில் அளந்தால் 13.5-லிருந்து 14.8-க்குள் ஓர் எண் வர வேண்டும். இந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் இல்லை, பெரிய பேட்டரியிலிருந்து வோல்ட்டை இறக்கித் தரும் கன்வெர்ட்டர்தான் சின்னதைச் சார்ஜ் செய்கிறது. ரெடி வந்த பிறகும் 12 சொச்சத்திலேயே நின்றால் கோளாறு அந்தப் பக்கம். அது வேறு வேலை.

பேட்டரி நல்லதாக இருந்தும் இறங்குகிறது என்றால் யாரோ திருடுகிறார்கள் என்று அர்த்தம். செகண்ட் ஹேண்ட் வண்டியில் முதலில் தேட வேண்டியது பழைய ஓனர் மாட்டிய ஜி.பி.எஸ். டிராக்கர், டேஷ் கேமரா, வெளியில் போட்ட ஆம்ப்ளிஃபயர். கணக்கைப் பாருங்கள். சின்ன பேட்டரி 45 ஆம்பியர்-அவர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி தூங்கும்போது 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாலு நாளில் போவது ஐந்துக்கும் குறைவு, ஒன்றும் ஆகாது. அதுவே அரை ஆம்பியர் எடுத்தால் நாலு நாளில் 48. உங்கள் ‘நாலு நாள்’ இந்தக் கணக்கோடு பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் பழுத்துப்போன பேட்டரிக்கும் அதே நாலு நாள் வரும். எது என்று, ஒயரில் ஓடும் டி.சி. கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும். சாவியை வண்டிக்குப் பக்கத்துச் சுவர் ஆணியில் தொங்கவிடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், வண்டி சாவியோடு பேசிக்கொண்டே இருக்கும்.

மாற்றுவதாக இருந்தால் ஒரு விஷயம். டிக்கிக்குள், ஆட்கள் மூச்சுவிடும் அதே காற்றில் இருக்கும் பேட்டரி இது. வாயுவை வெளியே விட டியூப் உள்ள, மூடிய வகைதான் போட வேண்டும். விலை குறைவு என்று டிராக்டருக்குப் போடுகிற திறந்த வகையை வார் போட்டுக் கட்டி வந்த ஒரு வண்டியை நான் பார்த்திருக்கிறேன். டிக்கித் தரை முழுக்க ஆசிட் பூத்திருந்தது. ஜம்ப் கேபிள் போடும்போது சிவப்பும் கறுப்பும் மாறினால் போவது ஃபியூஸ் மட்டுமாக இருக்காது, கன்வெர்ட்டரும் சேர்ந்து போகலாம். உங்கள் காரை வைத்துப் பக்கத்து வீட்டு லாரியை ஜம்ப் ஸ்டார்ட் செய்து கொடுக்கவும் வேண்டாம். ஒறம்பரை கேட்டாலும் வேண்டாம்.

சரி, பெரிய பேட்டரிக்கு வருவோம். திம்பத்தில் கட்டம் இறங்குகிறது என்பதை வைத்து மட்டும் அதைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆட்களோடு 1,800 கிலோ என்று வைத்து, ஆயிரம் மீட்டர் உயரம் ஏற எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 5 யூனிட் வருகிறது. உராய்வு, ஏசி எல்லாம் இதில் இல்லை. உங்கள் பேட்டரி புதிதாக இருந்தபோதே 1.6 யூனிட். அதிலும் கம்ப்யூட்டர் முழுவதையும் எடுக்க விடாது. ஏறத்தாழ 40 சதவீதத்துக்குக் கீழே போகாமலும் 80-க்கு மேலே ஏறாமலும் பார்த்துக்கொள்ளும், அதனால்தான் இவை இத்தனை வருடம் உழைக்கின்றன. ஆக கையில் கிடைப்பது முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறப் போகிற வண்டியில் இது முதல் சில வளைவுகளிலேயே தீர்வது இயல்பு, பிறகு எஞ்சின்தான் இழுக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறினாலும் இதேதான். இறங்கும்போது கட்டம் நிறைந்து, அதற்கு மேல் எஞ்சின் தானாக உறுமி வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்துப் பயந்து வருகிறவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேர்.

சந்தேகம் வருவது நீங்கள் சொன்ன மற்ற விஷயத்தில்: சமதரையிலும் கட்டம் வெசையாக ஏறி வெசையாக இறங்குகிறது. இங்கே ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்ற வார்த்தையே கொஞ்சம் ஏமாற்றுகிறது. கரை ஒழுகும் குளம் வேறு, தூர்ந்துபோன குளம் வேறு. ஒழுகும் குளம் நிறையத் தாமதமாகும். தூர்ந்த குளமோ ஒரு மழைக்கே நிறைந்து மறுகால் போகும், ஒரு வாரத்தில் வறண்டும் போகும். நொய்யல் பாசனக் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டம் சீக்கிரம் ஏறுவதும் சீக்கிரம் இறங்குவதும் சேர்ந்தே வந்தால் அது தூர்ந்த குளம்: கொள்ளளவு சுருங்கியிருக்கிறது, அல்லது ஒரு செல் மற்றவற்றை விட முன்னதாகவே நிறைந்து, முன்னதாகவே காலியாகி, கூட்டத்தையே தன் அளவுக்கு இழுக்கிறது. வரிசையில் கோத்த 204 செல்லில் மிகச் சோம்பேறியின் அளவுதான் மொத்தத்தின் அளவு.

இதை வீட்டிலேயே ஓரளவுக்குப் பார்க்கலாம். திறந்தவெளியில், கண்டிப்பாகத் திறந்தவெளியில்தான், மூடிய ஷெட்டில் எஞ்சின் புகை ஆளைக் கொல்லும். கொஞ்சம் ஓட்டி எஞ்சின் சூடான பிறகு, ரெடியில், பி-யில் வைத்து ஏசியை நடுத்தரமாகப் போட்டுவிட்டு உட்காருங்கள். பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாக ஓடும், கொஞ்சம் ஏற்றிவிட்டு அணையும். எஞ்சின் அணைந்திருக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசியும் மற்றவையும் சேர்ந்து ஒரு கிலோவாட் எடுத்தால், நல்ல பேட்டரி கணக்குப்படி எட்டு பத்து நிமிடம் தாங்க வேண்டும். ஐந்தாறு நிமிடம் என்றால் வயதுக்கு ஏற்ற தேய்மானம். ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் எழுந்தால் உள்ளே ஏதோ சுருங்கிவிட்டது. இது தோராயம்தான். சித்திரை வெயிலில் கரூர்க்காரர் எடுக்கிற எண்ணும் மார்கழியில் வால்பாறைக்காரர் எடுக்கிற எண்ணும் ஒன்றாக இருக்காது. இதைச் செய்யும்போது கியர் என்-னில் வேண்டாம். நியூட்ரலில் இந்த வண்டி பெரிய பேட்டரியைச் சார்ஜ் செய்வதில்லை. டோல்கேட் வரிசையில் என்-னில் போட்டு ஏசியில் உட்காரும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், கட்டம் இறங்குவதற்கு அதுவே ஒரு காரணம்.

அடுத்தது நம் பகுதிக்கே உரிய விஷயம், இதில் கொஞ்சம் நிற்கிறேன். இந்தப் பெரிய பேட்டரிக்குக் குளிர்ச்சி கேபினில் இருக்கும் காற்றிலிருந்துதான். பின்சீட்டை ஒட்டி ஒரு காற்று வாய் இருக்கும். இடம் மாடலுக்கு மாடல் மாறும், வண்டியோடு வந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அங்கிருந்து ஒரு ஃபேன் காற்றை இழுத்துப் பேட்டரி வழியாகத் தள்ளுகிறது. பல்லடம், சோமனூர், திருப்பூர் காற்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறிக்கூடத்திலிருந்து வந்து அப்படியே வண்டியில் ஏறுகிறவர் சட்டையிலிருந்தே அரைப்பிடி பஞ்சு உதிரும். பின்சீட்டில் பனியன் துணி ரோல் போட்டுக்கொண்டு போகிற வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை ஒரு விசைத்தறி முதலாளியின் வண்டியில் அந்த ஃபேனைக் கழற்றினேன். சக்கரத்தின் இதழ்களுக்கு இடையில் பஞ்சு கம்பளிபோல் நெய்து கிடந்தது, விரலால் உரித்து எடுக்க வந்தது. பொள்ளாச்சிப் பக்க வண்டியில் தென்னை நார்த்தூள், நாமக்கல் பக்கம் கோழித் தீவனத் தூசி. ஊரைச் சொல்லாமல் விட்டாலும் ஃபேனைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்று எங்கள் பட்டறைப் பையன் கிண்டல் செய்வான்.

காற்று அடைத்தால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. நிக்கல் பேட்டரி சூடேறச் சூடேற சார்ஜை உள்ளே வாங்கும் திறன் குறையும், கொடுத்த மின்சாரம் மேலும் சூடாகவே மாறும். ஒரு கட்டத்துக்கு மேல் கம்ப்யூட்டரே சார்ஜையும் எடுப்பையும் கட்டுப்படுத்தும், ஃபேனை முழு வேகத்தில் விடும். நீங்கள் கேட்கிற இரைச்சல் அதுவாக இருக்கலாம். நடுவில் உட்கார்ந்திருக்கும் மாட்யூல்கள்தான் அதிகம் வேகும், அதனால் பெரும்பாலும் அவையே முதலில் போகும். சுத்தம் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அங்கேதான் உறுதி போய் ஊகம் தொடங்குகிறது. அந்த விசைத்தறி முதலாளியின் வண்டி சுத்தம் செய்த இரண்டாவது நாளே பழையபடி ஆனது, ஏனென்றால் செல் கெடவில்லை, சூட்டுக்காகக் கம்ப்யூட்டர் கையைக் கட்டியிருந்தது. அதே மாதம் வந்த இன்னொரு வண்டியில் பஞ்சு இதைவிடக் குறைவுதான், ஆனால் மூன்று கோடை வெந்திருந்தது, மூன்று மாட்யூல் போயிருந்தது. பஞ்சை எடுத்தாலும் வெந்த செல் பச்சையாகாது. உங்கள் வண்டி இரண்டில் எந்த வகை என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எப்படி இருந்தாலும் காசு செலவு செய்வதற்கு முன் இந்த ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள், காற்று வாயை மறைத்துப் பை, தலையணை வைக்காதீர்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிச் சூட்டை விரட்டிவிட்டு ஏசியைப் போடுங்கள். பின்னால் இருப்பதும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் எஞ்சின் நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தால், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். சும்மா எரர் கோடை அழிக்கிற ஸ்கேனர் போதாது, ஹைபிரிட் பேட்டரியின் பிளாக் வோல்ட்டைத் தனித்தனியாகக் காட்டுவது வேண்டும். உங்கள் வண்டியில் இரண்டு மாட்யூலுக்கு ஒரு பிளாக் வீதம் 17 பிளாக், ஒவ்வொன்றும் 14.4 வோல்ட்டை ஒட்டியது. நிற்கும்போது எடுத்த எண்ணைக் காட்டி யாராவது ‘எல்லாம் சமமாத்தான் இருக்குதுங்க’ என்றால் நம்பாதீர்கள். நோயாளியைப் படுக்க வைத்து நாடி பார்ப்பதுபோல் அது. ஒருவர் ஓட்ட, ஒருவர் எண்களைப் பதிவு செய்ய, ஏற்றத்தில் நன்றாக மிதித்து இழுக்கும்போதும் இறக்கத்தில் சார்ஜ் ஏறும்போதும் பார்க்க வேண்டும். இழுக்கும்போது எல்லா பிளாக்கும் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து எழுந்தால் பொதுவான தேய்மானம். ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தனியாகப் பள்ளத்தில் விழுந்தால் அதற்குள் ஒரு செல் போயிருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு செல் 1.2 வோல்ட்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு பிளாக் குறைவாகவும் அதற்கு ஒட்டிய பிளாக் அதே அளவு கூடுதலாகவும் காட்டினால், செல்லைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் அளவெடுக்கும் ஒயர் பொதுவானது. அதன் முனை பச்சை பூத்திருந்தால் ஒன்றிலிருந்து திருடியதை மற்றதில் சேர்த்துக் காட்டும், கூட்டுத்தொகை மாறாது. மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகள் பத்து வருட வண்டியில் பாசி பிடித்த சொம்புபோல் இருக்கும். பட்டையைத் தேய்த்து, அல்லது மாற்றி, சரியான முறுக்கில் நட்டுப் போட்டதில் ‘பேட்டரியை மாற்று’ என்று அடம்பிடித்த பி0ஏ80 எரர் கோடு போன வண்டிகள் உண்டு. போகாத வண்டிகள் அதைவிட அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி0ஏஏ6 வந்தால் அது சார்ஜ் சம்பந்தப்பட்டதே அல்ல, மின்கசிவு. தோட்டத்துச் சாளையில் நிறுத்துகிற வண்டி என்றால் எலி ஆரஞ்சு நிற ஒயரைக் கடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய பேட்டரிப் பெட்டியைத் திறக்கிற வேலை எதையும் நீங்களே செய்ய வேண்டாம். வீடியோவில் ஒருவர் ஸ்பேனரோடு சிரித்துக்கொண்டே கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 244.8 வோல்ட் டி.சி. கையைப் பிடித்தால் விடாது. நாங்கள் முதலில் 12 வோல்ட்டைக் கழற்றி, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இன்வெர்ட்டரின் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, 1,000 வோல்ட் ரப்பர் கையுறையோடு அளந்து பார்த்த பிறகே தொடுவோம். பிளக்கை உருவிய பிறகும் மாட்யூல்களுக்குள் வோல்ட் அப்படியேதான் இருக்கும். உள்ளே இருப்பது ஆசிட் அல்ல, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். தோலில் பட்டால் உரியும், கண்ணில் பட்டால் கண் போகும். ரீவைண்டிங் பட்டறையில் 440 வோல்ட்டோடு பழகியவன் நான். அங்கே மெயின் சுவிட்சை இறக்கினால் வோல்ட் போய்விடும். இந்தப் பேட்டரிப் பெட்டிக்குள் அப்படி ஒரு மெயின் சுவிட்ச் கிடையாது.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி, முழுவதுமா இரண்டு செல்லா. ‘ரெண்டு செல்லு’ என்பது வாய்ப்பேச்சு, தனிச் செல்லை மாற்ற முடியாது, மாட்யூலைத்தான் மாற்றுவார்கள். போன மாட்யூலை எடுத்துவிட்டு இன்னொரு பழைய பேட்டரியிலிருந்து எடுத்ததைப் போட்டால் வண்டி ஓடும். எவ்வளவு நாள் என்பதுதான் விஷயம். பத்து வயதில் ஒன்று போனால் அதே சூட்டில் அதே வருடங்கள் இருந்த மற்ற 33-ம் வரிசையில் நிற்கின்றன. ஆறு மாதத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுகிற வேலை அது. அதை யோக்கியமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 34 மாட்யூலையும் கழற்றி, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை சார்ஜ் ஏற்றி இறக்கி, எத்தனை மில்லி ஆம்பியர்-அவர் தருகிறது என்று எழுதி, இரண்டு வாரம் சும்மா வைத்து எது தானாக இறங்குகிறது என்று பார்த்து, சம பலமுள்ளவற்றைச் சேர்த்துக் கோப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்து மந்தமான பேட்டரி இப்படி ஏற்றி இறக்கியதில் ஓரளவு எழுந்திருக்கும், செத்த செல் எழாது. ‘நாளைக்குப் பொழுதோட வாங்க, ரெடியா இருக்கும்’ என்றால் அவர் இதில் எதையும் செய்யப் போவதில்லை.

என் யோசனை இப்படி. வண்டியை ஒரு வருடத்துக்குள் விற்கப் போவதாக இருந்தாலும் மாட்யூலை மட்டும் மாற்றிவிட்டு அதை வண்டி வாங்குகிறவரிடம் மறைக்காதீர்கள், விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், பிளாக் பதிவில் ஒன்றுக்கு மேல் தள்ளாடுகிறது என்றால் முழுப் புதுசு. ஒன்றே ஒன்று மட்டும், மற்ற 16-ம் நெருக்கமாக நிற்கின்றன என்றால் சோதித்துக் கோக்கிறவரிடம் கொடுப்பதில் தப்பில்லை, எழுத்தில் வாரண்டியோடு. புதியது என்று சொல்லி வருகிறதிலும் உண்மையில் புதிய செல்லா, பழையதைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். பழையதைக் கழிவு வியாபாரியிடம் கிலோ கணக்கில் போடாமல் பேட்டரி கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விடாரா, ஹோண்டா சிட்டி ஹைபிரிட் வைத்திருப்பவர்களும் இதையெல்லாம் செய்யக் கிளம்பக் கூடாது என்பதற்காக ஒன்று. அவர்களுக்குப் பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி இருக்கிறது. வெளியில் யாரும் பெட்டியைத் தொட்டால் அது போச்சு. ஹைகிராஸில் இருப்பது நிக்கல், மற்ற மூன்றிலும் லித்தியம். நிக்கல் மாட்யூலைக் கொஞ்சம் கூடுதலாகச் சார்ஜ் ஏற்றிச் சமன் செய்கிற பழைய கைவேலையை லித்தியத்தில் செய்தால் தீப்பிடிக்கும். 2014 வண்டிக்கு எப்படிப் பார்த்தாலும் வாரண்டிக் காலம் தாண்டியிருக்கும், ஆகவே அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இந்த வாரம் செலவில்லாமல் முடிகிறவற்றை மட்டும் செய்யுங்கள்: காலை வோல்ட், ரெடியில் வோல்ட், ஏசி போட்டு எஞ்சின் அணைந்திருந்த நிமிடங்கள். கூடவே ஃபேனைக் கழற்றியபோது உள்ளே இருந்ததை ஒரு போட்டோ. காலை வோல்ட் 12-க்குக் கீழே இருந்தால் மற்ற எண்களை எடுக்கவே வேண்டாம், முதலில் சின்ன பேட்டரியை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிய பிறகு எழுதுங்கள். சின்னது தள்ளாடும்போது கம்ப்யூட்டர்கள் தாறுமாறாக எரர் கோடு போடும், அதை நம்பி யாரும் உங்களிடம் பெரியதை விற்றுவிடக் கூடாது.